வயலுக்கு அடியில் ஓடும் பெட்ரோல் குழாய்: அதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

வேலூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் என் அத்தைக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. மழை நன்றாகப் பெய்த வருடம் நெல், இல்லையென்றால் நிலக்கடலை. நிலத்தின் ஒரு ஓரத்தில், வரப்பை ஒட்டி ஒரு கம்பமும் எச்சரிக்கைப் பலகையும் நிற்கும், பலகையின் அடியில் ஒரு தொலைபேசி எண். பொங்கலுக்குப் போயிருந்தபோது அத்தை கேட்டார்: "கீழ பெட்ரோலு ஓடுதுன்னு சொல்றாங்கோ. மண்ணுல பொதச்சிட்டு போய்ட்டாங்கோ, அது நல்லா கீதா இல்லயான்னு யார்னா பாக்கறாங்களா?"

அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அப்புறம் தேடிப் படித்துப் புரிந்துகொண்டதை அத்தைக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் குழாய் போகிற ஊர்களில் எல்லோருக்கும் இதே கேள்வி இருக்கிறது, பதில் மட்டும் ஊருக்குள் வந்து சேர்வதில்லை.

முதலில் அந்தக் குழாய் என்ன என்று பார்த்துவிடலாம். எஃகுக் குழாய். பொதுவாகப் பன்னிரண்டு மீட்டர் நீளத் துண்டுகளை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து, மேலே பாலித்தீன் பூச்சு கொடுத்து, குறைந்தது ஒரு மீட்டர் மண் மூடும்படி புதைத்திருப்பார்கள். கிலோமீட்டருக்கு எண்பதுக்கு மேல் வெல்டிங் இணைப்புகள் வரும், புதிதாகப் போடும்போது அவற்றை எக்ஸ்ரே மாதிரி படம் எடுத்துப் பார்ப்பார்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் ஒரே குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நிலம் உங்களுடையதுதான். 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி குழாய் போடுகிறவர்கள் பயன்பாட்டு உரிமையை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். குழாய் போகிற நிலப் பட்டையில் பயிர் வைக்கலாம், ஆனால் வீடு கட்டவோ, கிணறு தோண்டவோ, மரம் நடவோ கூடாது.

இனி, இப்படிப்பட்ட குழாய் எதனால் கெடும்? துருப்பிடித்துச் சுவர் மெலியும். ஜேசிபியோ போர்வெல் போடுகிற வண்டியோ இடித்து நசுங்கும். செய்யும்போதோ வெல்டிங்கிலோ இருந்த சின்ன விரிசல் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும். திருடர்கள் துளை போடுவதும் நடக்கிறது. இதைச் சொல்லக் காரணம், இவை எல்லாவற்றையும் ஒரே சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. "டெஸ்ட் பண்ணிட்டோம்" என்று யாராவது சொன்னால், எந்த டெஸ்ட் என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பழையதும் எளிதில் புரிவதும் நீரழுத்தச் சோதனை, ஹைட்ரோ டெஸ்ட் என்பார்கள். குழாயில் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, அதை எவ்வளவு அழுத்தத்துக்கு வடிவமைத்தார்களோ அதைப்போல் 1.25 மடங்கு ஏற்றிப் பிடித்து வைப்பது. வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் இருக்கும். ஒரு குழாயை 80 கிலோ அழுத்தத்துக்கு வடிவமைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், சோதனையில் அதை 100 கிலோ வரை கொண்டுபோவார்கள். அமெரிக்க விதியில் குறைந்தது 4 மணி நேரம், நம் நாட்டில் புதிய குழாய்களை 24 மணி நேரம் பிடித்து வைப்பது வழக்கம். காற்றுக்குப் பதில் தண்ணீரை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. காற்றை அமுக்கினால் அது சுருங்கி உள்ளே சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், குழாய் கிழிந்தால் குண்டு மாதிரி வெடிக்கும். தண்ணீர் அப்படிச் சுருங்காது, ஒரு ஓட்டை விழுந்தவுடனே அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும்.

1.25 மடங்கு என்று வைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. நூறில் தாங்கிய குழாயில், நூறில் கிழியக்கூடிய பெரிய விரிசல் எதுவும் இல்லை என்று அன்றைக்கு நிரூபணமாகிறது. அதைவிடச் சின்ன விரிசல் இருக்கலாம். ஆனால் அது எண்பதில் கிழியும் அளவுக்கு வளர இன்னும் காலம் பிடிக்கும். அந்தக் காலம்தான் நமக்குக் கிடைக்கிற பாதுகாப்பு, அது முடிவதற்குள் மறுபடி பார்த்தாக வேண்டும். போட்டபோது செய்த சோதனையை இருபது வருடம் கழித்தும் காட்டிக்கொண்டிருப்பது, கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பேரன் பிறந்த பிறகும் காட்டுவது போலத்தான்.

நம் பக்கத்துக்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது, மேடு பள்ளம். வேலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர், பெங்களூர் சுமார் 920 மீட்டர், காட்பாடியில் ரயில் ஏறிப் பெங்களூர் போகிறவர்கள் 700 மீட்டர் மேலே ஏறுகிறார்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் அடியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும், 700 மீட்டர் என்றால் 70 கிலோ. இப்படி ஏறிப் போகிற குழாயை முழுசாக ஒரே துண்டாக நிரப்பி மேல்முனையில் நூறு வைத்தால், கீழ்முனையில் நூற்று எழுபது, அங்கே குழாயே கெட்டுவிடும். கீழ்முனையில் நூறு வைத்தால் மேலே முப்பதுதான் இருக்கும், அதைச் சோதனை என்றே சொல்ல முடியாது. அதனால் உயரத்தைப் பார்த்துத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதிப்பார்கள். எங்கள் ஊருக்கு அடியில் இருக்கிற துண்டில் எத்தனை கிலோ வைத்தீர்கள் என்று கேட்பது அதனால் நியாயமான கேள்வி.

வெயிலும் கணக்கைக் குழப்பும். மூடிய குழாயில் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினாலே அழுத்தம் சில கிலோ ஏறிவிடும், அதனால் அழுத்தமானியோடு வெப்பமானியும் வைத்து, தண்ணீரும் மண்ணும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருந்துதான் மணியை எண்ண ஆரம்பிக்க வேண்டும். தண்ணீரும் கொஞ்சமாகத் தேவைப்படாது, 14 அங்குலக் குழாயில் கிலோமீட்டருக்குச் சுமார் 90,000 லிட்டர் பிடிக்கும். சோதனை முடிந்தபின் அந்தத் தண்ணீரில் துருவும், துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த மருந்தும் இருக்கும், அதை ஏரியில் திறந்துவிடக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் இதை அடிக்கடி செய்வது கஷ்டம், எண்ணெயை நிறுத்தி, காலி செய்து, கழுவ வேண்டும். அதனால் பழைய குழாய்களுக்கு உள்ளே ஒரு கருவியை அனுப்புகிறார்கள். அதற்குப் பேர் பிக், அளக்கிற கருவிகள் உள்ளதை இன்டெலிஜென்ட் பிக் என்பார்கள். குழாய்க்குள் இறுக்கமாகப் பொருந்துகிற நீளமான ஒரு வண்டி, ஒரு நிலையத்தில் உள்ளே விட்டால் எண்ணெயே அதைத் தள்ளிக்கொண்டு அடுத்த நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாம் வேகமாக நடக்கிற வேகம்தான். போகிற வழி முழுக்கக் குழாய்ச் சுவரைப் பதிவு செய்துகொண்டே போகும்.

அது எப்படி அளக்கிறது? ஒரு வகை காந்தத்தை வைத்து. பலமான காந்தத்தால் சுவர் முழுக்கக் காந்தப் புலத்தை நிரப்பிவிடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் விளிம்பு வரை போகும்போது கரை மெலிந்த இடத்தில் வெளியே வழியும் இல்லையா, அதே மாதிரி துருவால் சுவர் மெலிந்த இடத்தில் காந்தப் புலம் வெளியே கசியும், பக்கத்தில் இருக்கிற உணரிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். இது துருவை நன்றாகக் காட்டும். குழாயின் நீளவாக்கில் ஓடுகிற மெல்லிய விரிசலைச் சாதாரணமாகக் காட்டாது, அதற்கு மீயொலி (அல்ட்ராசவுண்ட்) வைத்துப் பார்க்கிற வேறொரு பிக் வேண்டும். நசுங்கலைப் பார்க்க இன்னொன்று, உள்விட்டத்தை விரல்களால் தடவிப் பார்க்கிற மாதிரி அளந்துகொண்டே போகும். அமெரிக்காவில் மக்கள் வாழும் இடங்களையும் குடிநீர் ஆதாரங்களையும் பாதிக்கக்கூடிய எண்ணெய்க் குழாய்ப் பகுதிகளை ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது இப்படிப் பார்த்தாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. சுவரில் எண்பது சதவீதத்துக்கு மேல் கரைந்திருப்பதாகத் தெரிந்தால் உடனே சரிசெய்ய வேண்டும்.

சரி, பிக் போய் வந்துவிட்டது. கணினியில் ஆயிரக்கணக்கான குறிகள். அப்புறம் என்ன? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், எனக்கு இதில் மனதை உறுத்தியது இதுதான்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் என்று ஓர் ஊர். 1999 ஜூன் 10 அன்று அங்கே 16 அங்குலப் பெட்ரோல் குழாய் கிழிந்து, சுமார் 9 லட்சம் லிட்டர் பெட்ரோல் ஊருக்குள் ஓடுகிற ஓடையில் கலந்து தீப்பிடித்தது. பத்து வயதுப் பையன்கள் இரண்டு பேரும், மீன் பிடிக்கப் போயிருந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் இறந்துபோனார்கள். விசாரணையில் தெரிந்தது என்னவென்றால், 1994இல் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலைய வேலைக்காக அங்கே மண் தோண்டியபோது எந்திரம் இடித்துக் குழாயில் காயம். 1996, 1997 ஆண்டுகளில் உள்ளே அனுப்பிய கருவிகள் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று காட்டியிருக்கின்றன. ஆனால் அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்கவில்லை. கருவி கண்டுபிடித்தும், வருடக்கணக்கில் அந்தக் காயம் மண்ணுக்கு அடியில் அப்படியே கிடந்தது.

2010 ஜூலையில் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இன்னொன்று, இது கச்சா எண்ணெய்க் குழாய். 2005லேயே பிக் காட்டிய குறைதான், வகை தவறாகக் கணித்ததால் தோண்டவில்லை. குழாய் கிழிந்தபிறகு கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மேல் அலாரம் அடித்தும், அது கசிவு என்று புரிந்துகொள்ளாமல் இரண்டு முறை மறுபடி பம்ப் ஓட்டினார்கள். சுமார் 17 மணி நேரம் கழித்து வேறு ஒரு எரிவாயு நிறுவன ஊழியர் போன் செய்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் சுமார் 32 லட்சம் லிட்டர் வெளியே போய்விட்டது.

அதனால் "பிக் விட்டீர்களா" என்று கேட்டால் பாதிக் கேள்விதான். விட்டபிறகு எத்தனை இடத்தைத் தோண்டிக் கண்ணால் பார்த்தீர்கள், கருவி சொன்ன ஆழமும் நேரில் அளந்த ஆழமும் ஒத்துப்போனதா, எத்தனை இடத்தில் குழாயை மாற்றினீர்கள் என்பதுதான் மீதிப் பாதி. வயலில் திடீரென்று ஒரு குழி தோண்டி, பூச்சை உரித்து, அளந்து, மறுபடி பூசி மூடிவிட்டுப் போனால் நிலக்காரர்களுக்குப் பயம் வரும். பயப்பட வேண்டியதில்லை, அந்தக் குழி நல்ல அடையாளம். பயிருக்கு நஷ்ட ஈடு கேளுங்கள், வேலையைத் தடுக்காதீர்கள்.

வயலில் இன்னொரு காட்சியையும் பார்த்திருப்பீர்கள். கைக்கு ஒன்றாக இரண்டு கம்பை ஊன்றி ஊன்றி ஒருவர் நேர்கோட்டில் நடந்து போவார், இடுப்பில் ஒரு பெட்டி. அவர் துருத் தடுப்பு மின்னோட்டத்தை அளக்கிறார். எஃகு துருப்பிடிப்பது என்பது அதிலிருந்து மின்னோட்டம் மண்ணுக்குள் போகும்போது உலோகமும் கூடவே கரைந்து போவதுதான். அதை எதிர்க்க, வெளியிலிருந்து ஒரு மெல்லிய மின்னோட்டத்தைக் குழாய்க்குள் திருப்பி அனுப்பி வைத்திருப்பார்கள். அந்தக் கம்புகளின் நுனியில் இருக்கிற செப்பு சல்பேட் முனையோடு ஒப்பிட்டால் குழாயின் மின்னழுத்தம் மைனஸ் 850 மில்லிவோல்ட்டோ அதற்கும் கீழேயோ இருந்தால் பாதுகாப்பு போதும் என்று கொள்வார்கள். பூச்சு உரிந்த இடங்களும் இந்த நடையில் தெரியும். உயர் அழுத்த மின்கோபுரங்களும் மின்மயமான ரயில் பாதையும் குழாயோடு பக்கம் பக்கமாக ஓடுகிற இடங்களில் அந்த மின்சாரம் குழாயில் தூண்டப்பட்டுத் துருவைக் கூட்டலாம், அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மெக்சிகோவின் குவாதலஹாராவைத்தான் சொல்ல வேண்டும். பெட்ரோல் குழாயை ஒட்டிப் பிற்பாடு துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய் ஒன்றைப் போட்டார்கள். இரண்டு உலோகமும் ஈர மண்ணும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து பெட்ரோல் குழாயில் ஓட்டை விழுந்தது, பெட்ரோல் பாதாளச் சாக்கடையில் இறங்கியது. வீடுகளில் குழாயைத் திறந்தால் பெட்ரோல் வாடை என்று ஜனங்கள் நாள்கணக்கில் புகார் சொன்னார்கள். 1992 ஏப்ரல் 22 அன்று தெருக்கள் வரிசையாக வெடித்தன, இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பஞ்சாயத்துத் தண்ணீர்க் குழாய் போடுகிறவர்கள் எண்ணெய்க் குழாய்க்காரர்களுக்குச் சொல்லாமல் தோண்டக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2023இல் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலியையே கொண்டுவந்தது, தோண்டுவதற்கு முன் கேபிள்காரர்களுக்கும் குழாய்க்காரர்களுக்கும் தகவல் சொல்ல. ஜேசிபி வைத்திருக்கிறவர்கள் போனில் அது இருக்க வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிப்பது தனி வேலை. பால் சொசைட்டிக் கணக்கு மாதிரிதான், உள்ளே ஊற்றியது எவ்வளவு, அந்தப் பக்கம் வந்தது எவ்வளவு, நடுவில் அழுத்தம் குறைந்ததா. பெரிய கிழிசல் என்றால் நிமிடங்களில் தெரிய வேண்டும். சின்னக் கசிவு மீட்டர்களின் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். அதே 14 அங்குலக் குழாயில் நடை வேகத்தில் எண்ணெய் போனால் மணிக்குச் சுமார் 5 லட்சம் லிட்டர், அதில் ஒரு சதவீதம் என்றாலே 5,000 லிட்டர். அதைவிடக் குறைவான கசிவு கணினிக்குத் தெரியாமல் வாரக்கணக்கில் மண்ணில் இறங்கலாம். அதைக் கண்டுபிடிக்கிறது லைனில் நடந்து போகிற காவல் ஆட்களும், அந்த நிலத்துக்காரர்களும்தான்.

அத்தையின் நிலத்தில் கிணறு இருக்கிறது, நம் பக்கத்தில் பலருக்கும் இருக்கிறது. அதனால் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே கலைந்து போகாமல் பள்ளம் தேடி இறங்கும், கிணறு, வாய்க்கால், சாக்கடை. காற்றில் ஒன்றரை சதவீத அளவு கலந்திருந்தாலே தீப்பிடிக்கப் போதும். கிணற்றில் பெட்ரோல் வாடை வந்தால், தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால், குழாய் போகிற பட்டையில் மட்டும் பயிர் கருகினால், மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள், பீடி பற்ற வைக்காதீர்கள், எட்டிப் பார்க்க விளக்கோ தீக்குச்சியோ கொண்டுபோகாதீர்கள், கிணற்றில் யாரையும் இறக்காதீர்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகிப் போய், தள்ளி நின்று பலகையில் உள்ள எண்ணுக்கும் 112க்கும் கூப்பிடுங்கள். சிந்திய எண்ணெயை யாரும் குடத்தில் மொண்டு போகக் கூடாது, உலகத்தில் குழாய் விபத்துகளில் மிக அதிகம் பேர் இறந்தது அப்படி மொண்டுகொண்டிருந்த இடங்களில்தான்.

தீப்பிடிக்காவிட்டாலும் கிணறு போய்விடும். 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் எண்ணெய் கலந்து வந்தது, துறைமுகத்திலிருந்து போன பழைய குழாயிலிருந்து கசிந்தது. நிலத்தடியில் ஒருமுறை கலந்ததை வெளியே எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாலாற்றங்கரை மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தோல் தொழிற்சாலைக் கழிவால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் கிணறுகள் கெட்டதைப் பார்த்தவர்கள் நாம். அந்த வழக்கில், வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கை (முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் தீங்கை முன்கூட்டியே தடுப்பது) இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்னது. தன் தொழிலால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கு இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நம் ஊர்க்காரர்கள் வாங்கிக் கொடுத்த தீர்ப்பு அது. எண்ணெய்க் குழாய் விஷயத்தில் நாம் கேள்வி கேட்கும்போது கூச்சப்படத் தேவையில்லை என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அத்தைக்காக ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கும் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்துக்கும் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும். வரைபடம் கேட்டால் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுக்கலாம், தேதியும் எண்ணிக்கையும் கேட்டால் மறுக்க நியாயம் இல்லை. எங்கள் ஊர் வழியாகப் போகிற பகுதியில் கடைசியாக எந்த ஆண்டு, எந்த வகைப் பிக் ஓடியது. அதற்குப் பின் எத்தனை இடம் தோண்டினார்கள், எத்தனை இடம் பாக்கி. மின்னழுத்த அளவு 850க்குப் போதாமல் இருந்த இடம் உண்டா. கசிவு என்று தெரிந்தால் நம் பக்கத்து இரண்டு வால்வுகளையும் மூட எத்தனை நிமிடம் ஆகும், நடுவில் எத்தனை லட்சம் லிட்டர் நிற்கும். ஊரில் கடைசியாக அவசர ஒத்திகை நடந்தது எப்போது. இவ்வளவுதான் கேள்விகள். பதிலில் தேதியும் எண்ணும் இருந்தால் அதைக் கிராம சபையில் படித்துக் காட்டலாம். "அனைத்துச் சோதனைகளும் விதிப்படி செய்யப்படுகின்றன" என்று ஒற்றை வரி வந்தால், மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது.